இரண்டு அறுவடையில் ஒரு கேமிங் கணினி: ரைசன் 5 5600ஜி, நீடாமங்கலத்திலிருந்து

பணம் ஒரே தவணையில் கைக்கு வராத வீட்டில் கேமிங் கணினி அமைக்க வேண்டுமென்றால், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசரில் (கணினியின் மூளை) தொடங்குங்கள். முழுப் பணமும் இன்றே கையில் இருக்கிறதென்றால் அதை வாங்காதீர்கள். இரண்டையும் நான் உறுதியாகச் சொல்கிறேன், காரணமும் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களுக்கானவை. சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் வாங்கி முடிப்பவரை மனத்தில் வைத்து எழுதியவை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பணம் நெல் விற்ற பிறகு வருகிறது. கணினியும் அந்தக் கணக்குக்கு உட்பட்டுத்தான் வீட்டுக்குள் வர முடியும்.

நான் நீடாமங்கலத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாள்களிலிருந்து கணினியில் விளையாடுகிறேன். பழைய கணினிகளைப் பிரித்துப் பூட்டுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. என் அண்ணன் மகன் மன்னார்குடியில் கணினி அறிவியல் படிக்கிறான். நிரல் எழுதவும், வீடியோ வெட்டி ஒட்டவும், முக்கியமாக விளையாடவும் ஒரு கணினி வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். 2023ஆம் ஆண்டு எப்படி இருந்தது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தார்கள், அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். ஆழ்துளைக் கிணறு இருந்ததால் அண்ணன் சம்பாவைக் கரை சேர்த்தார். தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்துப் பணம் மாசியில் வங்கிக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஐம்பதாயிரம் வரை தருகிறேன். அதற்கு மேல் இந்தப் போகத்தில் என்னைக் கேட்காதே. மிச்சம் வேண்டுமென்றால் அடுத்த வெள்ளாமையில் பார்த்துக்கொள்ளலாம்."

அந்த "அடுத்த வெள்ளாமை" என்ற சொல்தான் எந்தப் பொருளை வாங்குவது என்பதைத் தீர்மானித்தது.

முதலில், எதை வாங்கவிடாமல் அவனைத் தடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் ஏமாறும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், மனம் வேதனைப்படுகிறது. எங்கள் வட்டாரத்தில் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரத்துக்கு "ஐ7 கேமிங் கணினி" என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு எரியும் மின்விசிறிகள், பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருப்பது அலுவலகங்கள் கழித்துவிட்ட மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர். நான்காம் தலைமுறை வெளிவந்தது 2013இல். ஐ7 என்ற பெயருக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்: 4770 என்றால் முதல் இலக்கமான 4 தலைமுறையைக் குறிக்கும், 12100 என்றால் 12ஆம் தலைமுறை. 12ஆம் தலைமுறை ஐ3 அந்தப் பழைய ஐ7ஐத் தாராளமாக முந்திவிடும்.

வேகம் மட்டும் பிரச்சினை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஓரிரு விதிவிலக்கு நீங்கலாக, அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அதிகம் விளையாடும் வேலரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) ஆகிய இரண்டும் இல்லாமல் திறக்காது. லினக்ஸில் அது ஓடவே ஓடாது. ஆக, வேலரண்டுக்காக வாங்கிய பெட்டியில் வேலரண்டே நாளைக்கு நின்றுபோகலாம். அதில் பூட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டையும் (விளையாட்டின் படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் அட்டை) நம்பிவிடாதீர்கள். "ஆர்எக்ஸ் 580" என்று ஒட்டியிருக்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால் படம் வரையும் 2304 ஷேடர் அலகுகளுக்குப் பதிலாக 2048 என்று காட்டும். அது பெயர் மாற்றிய ஆர்எக்ஸ் 570க்குச் சமம்.

அடுத்து, எங்கள் முன் நின்ற உண்மையான போட்டி. இன்டெல் ஐ3 12100எஃப் பிராசசருடன் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு என்பது ஒரு வழி. கார்டு இல்லாமல், கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5600ஜி மட்டும் என்பது இன்னொரு வழி. முதல் நாளில் விளையாடிப் பார்த்தால் முதல் வழிதான் வேகமாக ஓடும், அதில் ஐயமில்லை. பையனும் அதைத்தான் விரும்பினான். "அத்தை, கார்டே இல்லாத கணினியைப் போய் யாராவது கேமிங் கணினி என்பார்களா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1650இல் இருப்பது 4 ஜிபி நினைவகம். புதிய விளையாட்டுகள் அதைத் தாண்டிப் போய்விட்டன. அடுத்த அறுவடையில் அந்தக் கார்டைக் கழற்றித்தான் நல்ல கார்டைப் போட வேண்டும். அப்படியானால் அதற்குக் கொடுத்த பன்னிரண்டாயிரம் ரூபாயில் பாதியாவது போய்விடும். இரண்டாவது, 12100எஃப் என்ற பெயரின் கடைசி எழுத்துக்குப் பொருள், அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பது. கார்டு கெட்டால் திரையில் எதுவும் தெரியாது. வாரண்டிக்காக கார்டு சென்னைக்குப் போய்த் திரும்பும் வரை கணினி மூலையில் கிடக்கும். படிக்கிற பையனுக்கு அது ஆகாது.

5600ஜி 2021இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். உள்ளேயே வேகா கிராபிக்ஸ், பெட்டியிலேயே குளிர்விப்பானும் உண்டு. 2024 ஜனவரியில் இதற்குச் சற்று வேகம் கூட்டிய 5600ஜிடி வந்தது. விலை ஒன்றாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம், பெரிய வித்தியாசம் இல்லை. அதே மாதம் வந்த 8600ஜியின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதைவிடத் தெளிவாக வலிமையானது. ஆனால் அதற்குப் புதிய வகையான ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ராமும் (கணினியின் தற்காலிக நினைவகம்) வேண்டும். ஐம்பதாயிரத்துக்குள் மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து அது அடங்கவில்லை.

வாங்கியது தஞ்சாவூரில், காந்திஜி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் சிறிய கடையில். இணையத்தில் சில பொருள்கள் முந்நூறு, நானூறு குறைவாக இருந்தன. இருந்தாலும் கடையில் வாங்கியதில் எனக்கு நிறைவே. கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் முன்னால் உடைத்தார். ஜிஎஸ்டி ரசீதில் ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணையும் எழுதினார். மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) 5600ஜியை அறிந்துகொள்கிறதா என்று அங்கேயே பூட்டித் திரையில் காட்டினார். இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. பழைய கையிருப்பு பி450 போர்டு ஒன்றை வாங்கி வந்து, பயாஸ் புதுப்பிக்காததால் திரையே வராமல் திணறுபவர்கள் உண்டு. பயாஸைப் புதுப்பிக்க அதற்கு முந்தைய பிராசசர் ஒன்று தேவைப்படும், அது வீட்டில் இருக்காது. கடையில் இருக்கும்.

அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். "அக்கா, இந்தக் கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம், எதற்கு வீணாக நாலாயிரம்?" என்று கடைசிவரை வற்புறுத்தினார். எஸ்எம்பிஎஸ் என்பது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. அந்த இலவசப் பெட்டியைக் கையில் வாங்கி ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். மேலே பெரிதாக 450 வாட். கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் இணைப்புக்கு 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான். 450 என்று விற்கும் பொருள் அவற்றுக்குத் தரக்கூடியது 192. எங்கே வாங்கினாலும் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். பென்சிலும் வேண்டாம், கைபேசியில் போதும். பெருக்கி வரும் தொகை பெட்டியில் எழுதிய வாட்டுக்கு அருகில் இருந்தால்தான் அது நேர்மையான எஸ்எம்பிஎஸ்.

2024 மாசியில் எங்கள் ரசீது இது: பிராசசர் 12,200, நான்கு ராம் துளைகள் உள்ள பி550 மதர்போர்டு 8,900, 8 ஜிபி வீதம் இரண்டு ராம் 3,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சேமிப்பகம்) 3,400, 550 வாட் வெண்கலத் (ப்ரோன்ஸ்) திறன் தர எஸ்எம்பிஎஸ் 4,300, முன்பக்கம் வலை போட்ட கேபினட் 2,900, 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் 8,600, விசைப்பலகையும் மவுசும் 1,000, 1000 வி.ஏ. யுபிஎஸ் 5,600. மொத்தம் 50,400. விண்டோஸ் உரிமம் இதில் சேரவில்லை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ராம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 5600ஜி வாங்குபவர்கள் பணத்தைப் பறிகொடுக்கும் இடம் இதுதான். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி நினைவகம் உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அது கிடையாது. கணினியின் ராமையே அது பகிர்ந்துகொள்கிறது. எனவே ராம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு வேகமாகத் தரவைக் கொடுக்கிறது என்பதும் விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 3200 வேக டிடிஆர்4 ராம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிகாபைட் பாதை. இரண்டு போட்டால் 51.2. கடைகளில் "16 ஜிபி ஒரே ராமாக எடுங்கள், பின்னால் இன்னொன்று சேர்க்கலாம்" என்பார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அந்த யோசனை ஓரளவு பொருந்தும். 5600ஜிக்கு அது பாதி உயிரை எடுத்துவிடும்.

பையன் நம்பவில்லை. வீட்டில் ஒரு ராமைக் கழற்றி வைத்துவிட்டு ஜிடிஏ 5ஐ ஓட்டிக் காட்டினேன். இரண்டு ராமுடன் 1080பி தெளிவில், நார்மல் அமைப்பில் வினாடிக்கு 60 பிரேமை (படத்தை) ஒட்டி ஓடிய விளையாட்டு, ஒரு ராமுடன் நாற்பதுக்கு இறங்கியது. அதன் பிறகு அவனே நண்பர்களுக்கெல்லாம் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

இன்னும் இரண்டு வேலைகள் பாக்கி. ராமை 3200 என்று வாங்கினாலும் சில ராம்கள் பூட்டியவுடன் 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். அதே பயாஸில் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு 2 ஜிபியை ஒதுக்கிவிடலாம். இவற்றைச் செய்துதராத கடைக்கு அசெம்பிள் கட்டணம் எதற்குக் கொடுக்கிறோம் என்று கேளுங்கள்.

கார்டு இல்லாத அந்த முதல் கட்டத்தில் கணினி எப்படி இருந்தது? வேலரண்ட் குறைந்த அமைப்பில் நூறு பிரேமுக்கு மேல் நின்றது. எங்கள் மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு நூறு படம் காட்டுவது) என்பதால் அதற்கு மேல் வந்தாலும் கண்ணுக்குப் பயனில்லை. மும்பையில் அதற்கு சர்வர் இருப்பதால், பைபர் இணைப்பு வந்த பிறகு தாமதமும் தொல்லையாக இல்லை. மைன்கிராப்ட், ராக்கெட் லீக் போன்றவை வசதியாக ஓடின. பெரிய விளையாட்டுகளில் கைவிரித்துவிட்டது. எல்டன் ரிங்கை 720பி தெளிவுக்கு இறக்கி, எல்லா அமைப்பையும் குறைத்தாலும் முப்பதைச் சுற்றித் தள்ளாடியது. சண்டைக் காட்சியில் அதற்கும் கீழே. அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 5600ஜி கார்டுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்டு வரும் வரை பிள்ளையை ஏங்கவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அது நிறைவாகச் செய்தது.

மின்சாரம் பற்றிப் பேசாமல் டெல்டாவில் கணினி விமர்சனம் எழுதக்கூடாது. பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடும் மாலை நேரத்தில் எங்கள் வீட்டில் மல்டிமீட்டர் 185 வோல்ட் காட்டும். இருக்க வேண்டியது 230. மழைக்காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் விளக்குகள் கண் சிமிட்டும். 2018 நவம்பர் 16இல் கஜா கரையைக் கடந்த பிறகு மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருளில் கிடந்த ஊர்கள் இவை. மின்சாரம் போவதைவிட, அது திரும்பி வரும் நொடிதான் பொருள்களைக் கொல்கிறது.

அதனால் யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்த 5,600 ரூபாயை நான் இந்த ரசீதின் மிகச் சிறந்த செலவாக மதிக்கிறேன். அந்தப் பணத்தைச் சேர்த்தால் அப்போதே சிறிய கார்டு ஒன்றுக்குப் பாதி வழி வந்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கார்டு அடுத்த போகத்தில் வரும். எரிந்துபோன மதர்போர்டு திரும்பி வராது. வாங்கும்போது லைன் இன்டராக்டிவ் வகையைக் கேளுங்கள். மின்னழுத்தம் இறங்கினால் பேட்டரியைத் தொடாமலே அதை உயர்த்திக் கொடுக்கும் ஏவிஆர் அதற்குள் இருக்கிறது. எங்களுடையது 145 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. 600 வி.ஏ. யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத வரை அது போதும். பின்னால் கார்டு சேர்ப்பதாக இருந்தால் முதலிலேயே 1000 வி.ஏ. எடுத்துவிடுங்கள். மின்சாரம் போன பிறகு தொடர்ந்து விளையாடுவதற்கு அது உதவாது. விளையாட்டைச் சேமித்து, ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும், அதற்குத்தான் அது.

எர்த் இணைப்பு அதைவிட முக்கியம், அதைப் பற்றி எந்தக் கடையும் வாயைத் திறப்பதில்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று ஏறுகிறதா? அது கணினியின் கோளாறு என்று பலர் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் சிறு கசிவை எர்த் கம்பிக்கு அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டவை. வீட்டில் எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு பெட்டியிலேயே நின்று, தொடுபவர் உடல் வழியாக இறங்கும். அண்ணன் வீட்டில் மூன்று துளைப் பிளக் இருந்தது, மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. மின்பணியாளரை அழைத்து, கொல்லையில் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். 1,800 ரூபாய் ஆனது. அண்ணியின் கிரைண்டருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வந்தது என்பதால் அந்தச் செலவில் மட்டும் வீட்டில் யாரும் வாதிடவில்லை.

கார்டு அடுத்த குறுவையில் வந்திருக்க வேண்டும். 2024இல் அணையில் நீர் இல்லாமல் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். குறுவையை அண்ணன் பாதி நிலத்தில்தான் செய்தார். கார்டுப் பேச்சை நானே எடுக்கவில்லை. அடுத்த சம்பா முடிந்து 2025 பங்குனியில்தான் பணம் வந்தது. நினைத்ததைவிட ஒரு போகம் தள்ளிப்போன அந்த நாள்கள் முழுதும் கணினி வேலை செய்துகொண்டே இருந்தது. அவன் அதில் படித்தான், விளையாடினான், கல்லூரி விழாவுக்கு வீடியோ தயாரித்தான். 5600ஜிக்கு என் மதிப்பீட்டில் உயர்ந்த இடம் கிடைத்ததற்கு இதுதான் காரணம்.

பட்ஜெட் பதினான்காயிரம். கடையில் ஏறக்குறைய அதே விலையில் புதிய ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருந்தது. புதியது, வாரண்டியுடன் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 5600ஜி வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. அந்தக் கார்டு மதர்போர்டுடன் பேசும் பாதை நான்கு தடங்கள் மட்டுமே. அந்தப் பாதையின் வேகமான தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 கிடைத்தால் அந்த நான்கு தடங்களும் ஓரளவு போதும். 5600ஜி தருவதோ 3.0. பி550 போர்டு 4.0க்குத் தயாராக இருந்தாலும் பிராசசர் அதைத் தராது. தடத்தின் வேகமும் பாதி, நினைவகமும் 4 ஜிபி என்றால் புதிய விளையாட்டுகளில் திக்கித் திக்கித்தான் ஓடும். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் வன்பொருள் வசதியும் அதில் நீக்கப்பட்டிருக்கிறது. வீடியோ வெட்டும் பையனுக்கு அது இரட்டை நட்டம்.

ஆர்எக்ஸ் 6600 வேறு வகை. 8 ஜிபி நினைவகம், எட்டுத் தடங்கள், 132 வாட், ஒரே ஓர் எட்டு முனை இணைப்பு. 3.0 பாதையிலும் எட்டுத் தடம் இருப்பதால் இழப்பு மிகச் சிறியது. தஞ்சாவூரில் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் மாணவர் ஒருவரிடம், வாரண்டி மீதமிருந்த ஒன்றை 13,500க்கு வாங்கினோம். பழைய கார்டு என்றால் கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓடியதாக இருக்குமோ என்ற பயம் இருக்கும். ஈத்தரியம் 2022 செப்டம்பர் 15இல் கார்டுகள் தேவையில்லாத முறைக்கு மாறிவிட்டது, அதற்குப் பின் வாங்கிய ரசீது இருந்தால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ரசீதின் தேதி, ரசீதில் உள்ள வரிசை எண், கார்டின் முதுகில் உள்ள வரிசை எண் மூன்றையும் ஒப்பிட்டேன். விற்பவரின் அறையிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டச் சொல்லி, வெப்பநிலையையும் மின்விசிறி ஓசையையும் கவனித்தேன். அதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். இவர் தேநீர் வாங்கித் தந்து உட்காரவைத்தார்.

கார்டு பூட்டிய பின் எல்டன் ரிங் 1080பியில் உயர்ந்த அமைப்பிலும் 60இல் நின்றது. அந்த விளையாட்டே 60க்கு மேல் போகாதபடி அமைக்கப்பட்டது. அதன் உச்சத்தை நாங்கள் தொட்டுவிட்டோம் என்று பொருள். ஜிடிஏ 5 மானிட்டரின் 100 ஹெர்ட்ஸை நிரப்பிவிட்டது. முதலிலேயே 550 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்திருந்ததால் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு சிறு குறிப்பு: கார்டு பூட்டியதும் மானிட்டர் கம்பியை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டின் துளைக்கு மாற்ற வேண்டும். பையனின் நண்பன் ஒருவன் இதைச் செய்யாமல், புதுக் கார்டு வேகமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 5600ஜியில் மூன்றாம் நிலை கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் விரைவு நினைவகம்) 16 எம்பி. எழுத்து இல்லாத ரைசன் 5 5600இல் அது 32 எம்பி. கார்டு வந்த பிறகு, பிராசசரைப் பிழியும் விளையாட்டுகளில் 5600தான் முன்னால் நிற்கும். பாதையும் அதில் 4.0. அதனால்தான் முழுப் பணமும் கையில் இருப்பவர்களுக்கு 5600ஜி வேண்டாம் என்கிறேன். அவர்கள் 5600 அல்லது 12100எஃப் எடுத்து, கூடவே ஆர்எக்ஸ் 6600ஐ முதல் நாளே போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு மொத்தம் ஆனது, எர்த் செலவு நீங்கலாக, 63,900. அந்தத் தொகையை ஒரே மாதத்தில் அண்ணனால் எடுத்திருக்க முடியாது.

கேபினட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் ஓடும் நாள்களில் பதரும் தூசியும் சன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். முன்பக்க வலை காற்றை நன்றாக விடுகிறது, தூசியையும் விடுகிறது. அதன் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். பின்பக்கத்தில் கார்டுத் துளைகளை மூடும் தகடுகளைக் கடைக்காரர் உடைத்து எடுத்துவிட்டால் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அந்த இடைவெளி வழியாகப் பல்லி நுழையும். சூடான இடம் தேடி எஸ்எம்பிஎஸ் பக்கம் போய் இரண்டு முனையைத் தொட்டால் பல்லியும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும். நாங்கள் கொசுவலைத் துண்டை வெட்டி அந்தத் துளைகளுக்கு உள்ளிருந்து ஒட்டியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கணினியை நாள்கணக்கில் அணைத்தே வைக்காமல் தினம் சிறிது நேரமாவது ஓட்டுங்கள். உள்ளே ஈரம் தங்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று முனைகளில் பச்சை பூக்கச் செய்யும். அங்கே இருப்பவர்கள் கணினியைக் கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரில் வைக்க வேண்டாம்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் மேலே உள்ள ரசீதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. புது ராமுக்கு அந்த விலை கொடுப்பதைவிட, டிடிஆர்5 கணினிக்கு மாறியவர்கள் கழற்றி விற்கும் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இணை ஒன்றைத் தேடுங்கள். இரண்டும் ஒரே மாடல் எண்ணாக இருக்கட்டும். ராமில் தேய்கிற பாகம் எதுவும் கிடையாது, பழையதை வாங்க அஞ்ச வேண்டியதில்லை. மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய், பணம் கொடுக்கும் முன் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் ஒரே ராமோடு 5600ஜியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் கைவைத்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்டவும் வேண்டாம். மானிட்டரைப் பழையதாக வாங்கிக்கொள்ளுங்கள், கேபினட்டில் கண்ணாடியை விட்டுவிடுங்கள். அந்த இரண்டிலேயே மூன்றாயிரம், நாலாயிரம் மிஞ்சும்.